தளப்பொருள் செறிவைக் கணக்கிடுதல்: நொதி வினைவேகவியல் கணக்குகளில் தமிழ்த் தொடரமைப்பு

1. முன்னுரை

அறிவியல் தமிழ் பற்றிய ஆய்வுகளுள் பெரும்பாலானவை கலைச்சொல்லாக்கத்தை மையமாகக் கொண்டவை. பிறமொழிச் சொல்லை ஒலிபெயர்ப்பதா, மொழிபெயர்ப்பதா, வழக்கிலுள்ள பல சொற்களுள் எதனைத் தரப்படுத்துவது என்னும் வினாக்கள் அவற்றில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. கலைச்சொற்களை இணைத்துத் தொடராக்கும் உருபுகளும் எச்சங்களும் அளவைச் சொற்களும் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஆனால் கணக்கு ஒன்றை மொழிபெயர்க்கும்போது விடையைத் தீர்மானிப்பவை பல இடங்களில் இவையே. கலைச்சொல் பொருத்தமற்றதாக இருந்தால் படிப்பவர் தயங்குவார், அகராதியை நாடுவார். உருபு பொருத்தமற்றதாக இருந்தால் அவர் தயங்குவதில்லை. தவறான விடையை ஐயமின்றிக் கண்டறிவார்.

இக்கருத்தை விளக்க ஒரே ஒரு கணக்கு இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. நொதி வினை ஒன்றில் தளப்பொருளின் செறிவைக் கணக்கிடுவதே அது. உயிர்வேதியியல் வகுப்பறையிலும் மருத்துவ ஆய்வுக்கூடத்திலும் அன்றாடம் செய்யப்படும் இக்கணக்கின் இயற்கணிதம் எளியது. அதனைத் தமிழில் சொல்லும் முறையில் எங்கெங்குப் பொருள் பிறழக்கூடும், தமிழின் இலக்கணம் அப்பிறழ்ச்சியைத் தவிர்க்க என்னென்ன வாய்ப்புகளைத் தருகிறது என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

2. கணக்கின் அடிப்படை

லியோனார் மைக்கேலிஸ், மாட் மென்டென் ஆகிய இருவரும் 1913இல் பெர்லினிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரையை ஜெர்மன் மொழியில் வெளியிட்டனர். இன்வர்ட்டின் என்று அக்காலத்தில் வழங்கப்பட்ட நொதியின் செயற்பாட்டு வேகமே அதன் பொருள். இன்று இன்வர்டேஸ் எனப்படும் இந்நொதி கரும்புச் சர்க்கரையைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இரு சர்க்கரைகளாகப் பிளக்கிறது. அக்கட்டுரையின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பைக் கென்னத் ஜான்சனும் ரோஜர் கூடியும் 2011இல் வெளியிட்டனர். ஏறத்தாழ நூறாண்டுக் காலம் உலகெங்கும் பாடமாகக் கற்பிக்கப்பட்ட ஒரு சமன்பாட்டின் மூலக் கட்டுரைக்கு அதன் பின்னரும் மொழிபெயர்ப்புத் தேவைப்பட்டது என்பது மொழிபெயர்ப்பாளர் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி.

சமன்பாட்டைத் தமிழ் எழுத்துகளால் பின்வருமாறு குறிக்கலாம்.

வே = (பெ × செ) ÷ (மா + செ)

இதில் ‘வே’ என்பது வினையின் வேகம். ‘பெ’ என்பது பெரும வேகம். ‘செ’ என்பது தளப்பொருளின் செறிவு. ‘மா’ என்பது மைக்கேலிஸ் மாறிலி. வேகம் பெரும வேகத்தில் பாதியாக அமையும்போது தளப்பொருள் எச்செறிவில் உள்ளதோ அச்செறிவே மைக்கேலிஸ் மாறிலிக்குச் சமம். செறிவு தெரிந்தால் வேகத்தை இச்சமன்பாடு தரும். வேகம் தெரிந்து செறிவு தெரியாவிட்டால் சமன்பாட்டைத் திருப்பி எழுத வேண்டும்.

செ = (மா × வே) ÷ (பெ − வே)

இதன்படி வேகம் பெரும வேகத்தில் 10 விழுக்காடாக இருக்கும்போது செறிவு மாறிலியில் ஒன்பதில் ஒரு பங்கு. 90 விழுக்காடாக இருக்கும்போது மாறிலியைப் போல ஒன்பது மடங்கு. எனவே வேகம் 10 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடாக உயர, செறிவு 81 மடங்காக வேண்டும். மைக்கேலிஸும் மென்டெனும் கரும்புச் சர்க்கரைக்குக் கண்ட மாறிலி ஏறத்தாழ 0.0167 மோலார். இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் அனைத்திலும் இந்த மதிப்பே பயன்படுத்தப்படுகிறது.

3. பெயரும் பங்கும்

‘நொதி’ என்னும் சொல் தமிழ்நாட்டு நூல்களிலும் ‘நொதியம்’ என்னும் சொல் இலங்கை நூல்களிலும் நிலைபெற்றுள்ளன. இரண்டும் நொதித்தல் என்னும் வினையின் அடியாகப் பிறந்தவை. நொதிக்குரிய ஐரோப்பியச் சொல்லும் ‘புளிப்பில் உள்ளது’ என்னும் பொருளுடைய கிரேக்கத் தொடரிலிருந்து அமைந்ததாதலின் இங்குச் சிக்கல் இல்லை. நொதி எதன்மேல் செயற்படுகிறதோ அப்பொருளின் பெயரில்தான் சிக்கல் தொடங்குகிறது. வினைபடுபொருள், வினைப்பொருள், தளப்பொருள், கீழ்ப்படை, அடிமூலக்கூறு எனப் பல பெயர்கள் வழங்கக் காண்கிறோம்.

இவற்றின் மூலமான இலத்தீன் சொல்லுக்கு ‘அடியில் பரப்பப்பட்டது’ என்பது பொருள். அச்சொல் இன்று பல துறைகளில் பல பொருள்களில் வழங்குகிறது. மொழியியலில் ஒரு மொழியின் அடியில் படிந்து அதன் ஒலியமைப்பையும் தொடரமைப்பையும் பாதிக்கும் முந்தைய மொழியை அது குறிக்கும். இந்தோ ஆரிய மொழிகளின் நாமடி ஒலிகளைத் திராவிட அடித்தளத்தின் தாக்கமாகக் கருதலாமா என்னும் நெடிய விவாதத்தில் வரும் ‘அடித்தளம்’ இச்சொல்லின் பெயர்ப்பே. மின்னணுவியலில் சுற்று உருவாக்கப்படும் சிலிக்கன் தகடும், காளான் வளர்ப்பில் வித்து இடப்படும் வைக்கோலும் அதே ஆங்கிலச் சொல்லால் சுட்டப்படுகின்றன. கணினிவழி மொழிபெயர்ப்புகளில் இவை அனைத்திற்கும் ‘அடிமூலக்கூறு’ என்னும் ஒரே பெயர் இடப்படுவதைக் காணலாம். வைக்கோல் மூலக்கூறு அன்று, தகடும் அன்று. துறையறியாது ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லாகப் பெயர்ப்பதன் விளைவு இது.

நொதி வினையில் இப்பெயர் ஒரு பொருளின் இயல்பைக் குறிப்பதில்லை. அப்பொருள் வகிக்கும் பங்கையே குறிக்கிறது. தமிழ் இலக்கணத்தில் ‘செயப்படுபொருள்’ என்பது எத்தகையது என்பதை நோக்க இது தெளிவாகும். ‘மரம்’ என்னும் பெயர் ஒரு தொடரில் எழுவாயாகவும் மற்றொரு தொடரில் செயப்படுபொருளாகவும் வரும். அதுபோலவே குளுக்கோஸ் இன்வர்டேஸ் வினையில் விளைபொருள். ஹெக்சோகைனேஸ் என்னும் நொதியின் வினையில் அதுவே தளப்பொருள். எனவே ‘தளப்பொருளின் செறிவு’ என்று மட்டும் கூறினால் எந்நொதிக்குத் தளப்பொருள் என்னும் வினா எஞ்சுகிறது. பல நொதிகள் தொடர்ந்து செயற்படும் வினைகளை விளக்கும்போது ‘இன்வர்டேஸின் தளப்பொருளாகிய கரும்புச் சர்க்கரை’ என நொதியையும் பொருளையும் சேர்த்துச் சுட்டுவது நலம்.

பெயர்த் தெரிவில் எழுத்தமைப்பும் கருதத்தக்கது. ‘வினைப்பொருள்’, ‘விளைபொருள்’ ஆகிய இரண்டும் ஒரே பக்கத்தில் மீண்டும் மீண்டும் வர வேண்டியவை. முன்னது நொதியால் மாற்றப்படுவது. பின்னது மாற்றத்தின் பயன். ‘விளைபொருள்’ வினைத்தொகையாதலின் வல்லினம் மிகாது. ‘வினைப்பொருள்’ பெயரோடு பெயர் புணர்ந்ததாதலின் மிகும். அச்சில் அந்த ஒற்று விடுபடுமாயின் இரண்டிற்கும் இடையே னகர, ளகர வேறுபாடு ஒன்றே நிற்கும். ஓர் எழுத்துப் பிழையால் தொடக்கமும் முடிவும் இடம் மாறிவிடும் இணையைக் கணக்கு நூலில் ஆள்வது தக்கதன்று. ‘வினைபடுபொருள்’ இவ்விடரிலிருந்து தப்புகிறது. ஆயினும் வேதியியலில் எல்லா வினைகளுக்கும் உரிய பொதுச்சொல்லாக அது வழங்குவதால் நொதி வினைக்குரிய சிறப்பைக் காட்டுவதில்லை. இக்காரணங்களால் இக்கட்டுரையில் ‘தளப்பொருள்’ என்பது ஆளப்படுகிறது. அதனை அடித்தளப் பொருள் என மூலச்சொல்லின் வழியிலும், நொதியின் செயல்தளத்தில் வந்து பொருந்தும் பொருள் எனச் செயலின் வழியிலும் விரித்துப் பொருள்கொள்ள இடமுண்டு.

4. எந்தச் செறிவு?

‘செறிவு’ என்பது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வழங்கும் நல்ல சொல். சில நூல்களில் காணப்படும் ‘அடர்வு’, பொருளின் நிறைக்கும் கனஅளவிற்கும் உள்ள தொடர்பைக் குறிக்கும் ‘அடர்த்தி’யோடு மயங்கக்கூடியது. எனினும் ‘செறிவு’ என்னும் சொல் மட்டும் கணக்கிற்குப் போதாது. அது எவ்விடத்தில் உள்ளது, எக்காலத்தில் உள்ளது, எந்நிலையில் உள்ளது என்னும் மூன்றும் தெரிந்தால்தான் அதனைச் சமன்பாட்டில் இட முடியும்.

4.1 இடம்

‘0.1 மோலார் சர்க்கரைக் கரைசல் 0.5 மி.லி. சேர்க்கப்பட்டது’ என்னும் தொடரில் வரும் 0.1 மோலார், புட்டியில் இருக்கும் இருப்புக் கரைசலின் செறிவு. வினை நிகழும் குழாயில் தாங்கல் கரைசலும் நொதியும் சேர்ந்து மொத்தம் 1.0 மி.லி. ஆகுமாயின் கலவையில் சர்க்கரையின் செறிவு 0.05 மோலார். சமன்பாட்டில் இடவேண்டியது இரண்டாவது எண். அதன்படி வேகம் பெரும வேகத்தில் 75 விழுக்காடு. முதல் எண்ணை இட்டால் 86 விழுக்காடு எனத் தவறான விடை வரும்.

மொத்தக் கனஅளவைச் சொல்வதிலும் ஓர் இலக்கணச் சிக்கல் உண்டு. ‘0.1 மி.லி. நொதி சேர்த்த 1 மி.லி. கரைசல்’ என்பதில் ‘சேர்த்த’ என்னும் பெயரெச்சம், அது தழுவும் பெயரோடு தான் கொண்ட வேற்றுமை உறவை வெளிப்படையாகக் காட்டுவதில்லை. நொதி சேர்ந்த பின் மொத்தம் 1 மி.லி. என்றும், 1 மி.லி. கரைசலோடு நொதி சேர்க்கப்பட்டு 1.1 மி.லி. ஆயிற்று என்றும் இருவகையாகப் பொருள்கொள்ள இத்தொடர் இடந்தருகிறது. தமிழ்ப் பெயரெச்சத்தின் இச்சுருக்கம் இலக்கியத்தில் அழகு; செய்முறைக் குறிப்பில் இடர்.

நீர்த்தலைக் குறிக்கும் தொடர்களிலும் இதனைக் காணலாம். ‘1 மி.லி. கரைசலை 10 மி.லி. நீரில் கலக்க’ என்றால் மொத்தம் 11 மி.லி. ‘1 மி.லி. கரைசலுடன் நீர் சேர்த்து 10 மி.லி. ஆக்குக’ என்றால் மொத்தம் 10 மி.லி. ‘பத்துக்கு ஒன்று நீர்க்கச் செய்க’ என்னும் குறுந்தொடரை இரண்டாகவும் படிக்கலாம். குருதியின் சர்க்கரையைக் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியைக் கொண்டு அளக்கும் முறையில் அளக்கப்படும் குளுக்கோஸே தளப்பொருள். அளவெல்லையைக் கடந்த மாதிரியை நீர்க்கச் செய்து அளந்து, கிடைத்த எண்ணை நீர்த்தல் மடங்கால் பெருக்குவர். நீர்த்த மாதிரியில் 40 மில்லிகிராம் எனக் கிடைத்ததாகக் கொள்வோம். உண்மையில் 11 மடங்கு நீர்த்திருக்க, 10ஆல் பெருக்கினால் 440க்குப் பகரம் 400 என்று அறிக்கை எழுதப்படும். ‘நீரில்’ என்னும் ஏழாம் வேற்றுமைக்கும் ‘ஆக்குக’ என்னும் வினைக்கும் உள்ள வேறுபாடு இங்கு நோயாளியின் அறிக்கையைத் தொடுகிறது.

4.2 காலம்

வினை தொடங்கியதும் தளப்பொருள் குறையத் தொடங்குகிறது. எனவே தொடக்கச் செறிவு, செலவான செறிவு, எஞ்சிய செறிவு என மூன்றை வேறுபடுத்த வேண்டும். 0.05 மோலாரில் தொடங்கிய வினையில் பாதி செலவானபின் எஞ்சுவது 0.025 மோலார். அப்போதைய வேகம் பெரும வேகத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு. செறிவு பாதியான போதும் வேகம் 75இலிருந்து 60 ஆக மட்டுமே குறைந்துள்ளது என்பதைக் காண்க. விளைபொருளும் இன்வர்டேஸைத் தடை செய்வதால் நடைமுறையில் வேகம் இதனினும் குறைவாக இருக்கும். இக்காரணம் பற்றியே மைக்கேலிஸும் மென்டெனும் தொடக்க வேகத்தை அளவுகோலாகக் கொண்டனர்.

எஞ்சிய செறிவை அவர்கள் கணக்கிட்ட முறை மொழிபெயர்ப்பாளருக்கு நல்ல பாடம். கரும்புச் சர்க்கரைக் கரைசல் முனைவுற்ற ஒளியின் தளத்தை வலப்புறம் சுழற்றும். பிளவுற்றபின் கிடைக்கும் கலவை இடப்புறம் சுழற்றும். தமிழில் ‘வலஞ்சுழி’, ‘இடஞ்சுழி’ என்னும் பழஞ்சொற்கள் இதற்குப் பொருந்துகின்றன. தொடக்கத்தில் வலஞ்சுழியாக 10 பாகை, வினை முற்றியபின் இடஞ்சுழியாக 3 பாகை, இடையில் ஒரு நேரத்தில் வலஞ்சுழியாக 6.75 பாகை எனக் கொள்வோம். மொத்த மாற்றம் 13 பாகை. முற்றுநிலையிலிருந்து இடைநிலை 9.75 பாகை தொலைவில் உள்ளது. 9.75ஐ 13ஆல் வகுக்க 0.75 கிடைக்கிறது. ஆகவே சர்க்கரையில் முக்கால் பங்கு எஞ்சியுள்ளது. தொடக்கச் செறிவு 0.05 மோலாராயின் எஞ்சிய செறிவு 0.0375 மோலார்.

இதனை ‘எஞ்சிய சுழற்சி 6.75 பாகை’ என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் 6.75ஐ 10ஆல் வகுத்து 67.5 விழுக்காடு என்பார். ‘எஞ்சு’ என்னும் வினை, முழுதும் தீர்ந்தால் சுழியமே மிஞ்சும் என்னும் கருத்தைத் தன்னுள் கொண்டது. சர்க்கரை எஞ்சும், சுழற்சி எஞ்சுவதில்லை, திசை மாறும். ஆகவே சர்க்கரைக்கு ‘எஞ்சிய’ என்பதையும் சுழற்சிக்கு ‘அந்நேரத்தில் காணப்பட்ட’ என்பதையும் ஆளுதல் பொருந்தும்.

4.3 நிலை

தளப்பொருளில் ஒரு பகுதி நொதியோடு கட்டுற்றும் ஏனையது கட்டுறாமலும் இருக்கும். சமன்பாட்டில் உள்ள ‘செ’ கட்டுறாத தளப்பொருளின் செறிவு. நொதியின் அளவு தளப்பொருளின் அளவைவிட மிகச் சிறிதாயின் கட்டுற்ற பகுதி புறக்கணிக்கத்தக்கது. மொத்தச் செறிவையே கட்டுறாச் செறிவாகக் கொள்ளலாம். மூலநூலில் இந்நிபந்தனை கூறப்பட்டிருப்பின் மொழிபெயர்ப்பில் அதனை விடுதலாகாது. ‘தளப்பொருள் மிகுதியாக இருக்கும்போது’ என்று பொதுவாகச் சொல்வதும் போதாது. எதனைவிட மிகுதி என்பது சொல்லப்பட வேண்டும். நொதியைவிட மிகுதி என்பது வேறு. மாறிலியைவிட மிகுதி என்பது வேறு.

5. ‘ஆக’ தரும் வேறுபாடு

அளவு மாற்றத்தைச் சொல்லும் தமிழ்த் தொடர்களில் ‘ஆக’ மாற்றத்தின் பயனைச் சுட்டுகிறது. அஃது இல்லாத தொடர் மாற்றத்தின் அளவைச் சுட்டுகிறது. ‘வேகம் கால் பங்காகக் குறைந்தது’ என்றால் இப்போது இருப்பது கால் பங்கு. ‘வேகம் கால் பங்கு குறைந்தது’ என்றால் இப்போது இருப்பது முக்கால் பங்கு. பேச்சிலும் எழுத்திலும் இவ்வேறுபாடு பேணப்படாமல் போவதற்கு ஒரு காரணம், மிகுதியாக வழங்கும் ‘பாதி’ என்னும் அளவில் இரண்டும் ஒரே பயனைத் தருவதே. பாதியாகக் குறைந்தாலும் பாதி குறைந்தாலும் எஞ்சுவது பாதிதான். பாதியில் மறைந்துகிடக்கும் வேறுபாடு காலில் வெளிப்படுகிறது.

இதனைச் சமன்பாட்டில் இட்டுப் பார்ப்போம். பெரும வேகத்தை ஒப்பீட்டு அளவாகக் கொண்டால், வேகம் கால் பங்காகக் குறைந்த நிலையில் தளப்பொருளின் செறிவு மாறிலியில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஏறத்தாழ 0.0056 மோலார். வேகம் கால் பங்கு குறைந்த நிலையில் செறிவு மாறிலியைப் போல மூன்று மடங்கு. அதாவது ஏறத்தாழ 0.05 மோலார். வேகத்தில் மும்மடங்கு வேறுபாடு, செறிவில் ஒன்பது மடங்கு வேறுபாடாகப் பெருகியுள்ளது. ‘ஆக’ என்னும் சிறு கூறு இருப்பதும் இல்லாததும் இத்துணைப் பெரிய பிழைக்குக் காரணமாகின்றன.

‘மடங்கு’ என்பதற்கும் இது பொருந்தும். ‘செறிவு இருமடங்காயிற்று’ என்பது தெளிவு. ‘செறிவு இருமடங்கு கூடியது’ என்பதைச் சிலர் இருமடங்கு என்றும் சிலர் மும்மடங்கு என்றும் கொள்வர். ‘மூன்று மடங்கு குறைந்தது’ என்னும் தொடர் ஆங்கிலத் தொடரமைப்பின் நிழல். ‘மூன்றில் ஒரு பங்காயிற்று’ என்பதே தமிழ் மரபு. கணக்கு நூலில் மடங்கு, பங்கு என்னும் சொற்களை ‘ஆக’, ‘ஆயிற்று’ என்பவற்றோடு மட்டும் ஆளுவது என்னும் ஒரு விதியை மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளலாம்.

6. ‘குறைந்த செறிவு’

தமிழில் பண்பை உணர்த்தும் அடைகள் பல, வடிவத்தில் இறந்தகாலப் பெயரெச்சங்கள். உயர்ந்த மலை, அகன்ற மார்பு, சிறந்த நூல் என்பவற்றில் காலம் உணரப்படுவதில்லை, நிலையே உணரப்படுகிறது. ‘குறைந்த’ என்பதும் அத்தகையது. ‘குறைந்த விலை’ என்றால் முன்பு கூடியிருந்து இப்போது குறைந்த விலை என்பது கட்டாயமன்று.

வினைவேகவியலில் இவ்விரு பொருளும் தேவைப்படுகின்றன. ‘குறைந்த செறிவில் வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் அமையும்’ என்பது ஒரு விதி. இங்குக் குறைந்த என்பது மாறிலியோடு ஒப்பிடச் சிறிய அளவைக் குறிக்கிறது. செறிவு மாறிலியில் நூறில் ஒரு பங்காயின் நேர்விகிதத்தால் வரும் பிழை 1 விழுக்காடு. பத்தில் ஒரு பங்காயின் பிழை 10 விழுக்காடு. வினையின் போக்கில் வேகத்தை அளந்து அதிலிருந்து தளப்பொருளின் செறிவை மதிப்பிடும் ஆய்வுக்கூட முறைகள் இந்த எல்லைக்குள் நின்றால்தான் எளிய நேர்விகிதக் கணக்குச் செல்லும்.

இவ்விதியைப் படிக்கும் மாணவர், ‘வினை நிகழ நிகழக் குறைந்த செறிவு’ என்று அதனைக் கொள்வாராயின், 0.333 மோலாரில் தொடங்கி 0.2 மோலாராகக் குறைந்த கலவைக்கும் நேர்விகிதத்தைப் பொருத்துவார். அந்த 0.2 மோலார் குறைந்துவிட்ட செறிவுதான். ஆனால் மாறிலியைப் போல ஏறத்தாழ 12 மடங்கு. அங்கு வேகம் செறிவைப் பெரிதும் சாராது. இம்மயக்கத்தை நீக்கும் வழிகள் தமிழிலேயே உள்ளன. நிலையைக் குறிக்கத் ‘தாழ்செறிவு’ அல்லது ‘மாறிலியினும் மிகச் சிறிய செறிவு’ என்றும், மாற்றத்தைக் குறிக்கக் ‘குறைந்துவிட்ட செறிவு’ என்றும் எழுதலாம். ‘விடு’ என்னும் துணைவினை நிகழ்வின் முற்றுப்பேற்றை உணர்த்துவதால் பண்புப்பொருளுக்கு அங்கு இடமில்லை.

7. கூடுதலும் எட்டுதலும் நிறைதலும்

‘செறிவு கூடக் கூட வேகம் கூடும்’ என்னும் இரட்டித்த செயவெனெச்சத் தொடர் தமிழுக்கு இயல்பானது. அது பொய்யும் அன்று. ஆயினும் இரண்டும் ஒரே அளவில் கூடும் என்னும் எண்ணத்தை அது தோற்றுவிக்கிறது. மைக்கேலிஸும் மென்டெனும் எடுத்துக்கொண்ட தொடக்கச் செறிவுகள் 0.333 மோலாரில் தொடங்கி, ஒவ்வொன்றும் முன்னதில் ஏறத்தாழப் பாதியாக, 0.0052 மோலார் வரை செல்கின்றன. இவ்வெல்லைகளுக்கு இடையே செறிவு 64 மடங்காகிறது. சமன்பாட்டின்படி வேகமோ பெரும வேகத்தில் 24 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காடாக, அதாவது நான்கு மடங்காக மட்டுமே உயர்கிறது. எனவே ‘செறிவு கூடக் கூட வேகம் கூடும், ஆயின் கூடும் அளவு படிப்படியாகச் சிறுத்துச் செல்லும்’ எனத் தொடரை நிறைவு செய்தல் வேண்டும்.

வினைத் தெரிவிலும் கவனம் தேவை. ‘வேகம் பெரும வேகத்தை எட்டும்’ என்று எழுதினால், ‘எச்செறிவில் எட்டும்?’ என்னும் வினா இயல்பாக எழும். திருப்பி எழுதிய சமன்பாட்டில் வேகத்தைப் பெரும வேகத்திற்குச் சமமாக இட்டால் வகுக்கும் எண் சுழியமாகி விடையற்றுப் போகும். பெரும வேகம் ஓர் எல்லை. வேகம் அதனை ‘நெருங்கும்’, எட்டாது. 99 விழுக்காட்டை எட்டவே மாறிலியைப் போல 99 மடங்கு செறிவு வேண்டும். எட்டுதல், நெருங்குதல் ஆகிய வினைகளுள் ஒன்றைத் தெரிவது இங்கு நடை பற்றிய விருப்பமன்று. கணக்கிற்கு விடை உண்டா இல்லையா என்பதே அதனைப் பொறுத்தது.

உயர் செறிவில் நொதி நிறைவுறுகிறது என்பர். வேதியியலில் ‘தெவிட்டிய கரைசல்’, ‘நிரம்பிய கரைசல்’ என்பன மேலும் கரைக்க இயலாத கரைசலைக் குறிக்கும். அப்பழக்கத்தால் ‘தெவிட்டிய தளப்பொருள் செறிவு’ என எழுதினால், சர்க்கரை இனிக் கரையாது என்று பொருள்படும். இங்கு நிறைவது கரைசலன்று; நொதியின் செயல்தளங்களே. எழுவாயைப் புலப்படுத்தி ‘நொதியின் செயல்தளங்கள் தளப்பொருளால் ஏறத்தாழ நிறையும் செறிவு’ என்று எழுதினால் நீளம் கூடினாலும் பொருள் நிலைபெறும்.

8. மாதிரிக் கணக்கு

மேற்கூறியவற்றை ஒரு கணக்கில் பொருத்திக் காணலாம். முதலில் வழக்கமான சுருக்க நடை:

‘0.5 மி.லி. சர்க்கரை சேர்த்த 1 மி.லி. கலவையில் வேகம் கால் பங்கு குறைந்தது. செறிவைக் கணக்கிடுக.’

இதில் 1 மி.லி. என்பது முன்னதா பின்னதா, கால் பங்கு எதனோடு ஒப்பிட்டது, கேட்கப்படும் செறிவு புட்டியிலா குழாயிலா, தொடக்கத்திலா பின்னரா என்னும் நான்கு ஐயங்கள் உள்ளன. திருந்திய வடிவம் பின்வருமாறு அமையலாம்:

‘இன்வர்டேஸுக்கும் கரும்புச் சர்க்கரைக்கும் உரிய மைக்கேலிஸ் மாறிலி 0.0167 மோலார். இருப்புக் கரைசலிலிருந்து 0.5 மி.லி. எடுத்து, தாங்கல் கரைசலும் நொதியும் சேர்த்து, மொத்தம் 1.0 மி.லி. ஆக்கப்பட்டது. வினையின் தொடக்க வேகம் பெரும வேகத்தில் முக்கால் பங்காக இருந்தது. (அ) கலவையில் சர்க்கரையின் தொடக்கச் செறிவு யாது? (ஆ) இருப்புக் கரைசலில் அதன் செறிவு யாது?’

விடை: (அ) முக்கால் பங்கை, ஒன்றிலிருந்து அதனைக் கழித்தபின் எஞ்சும் கால் பங்கால் வகுக்க 3 கிடைக்கிறது, 3ஐ 0.0167ஆல் பெருக்கக் கலவையில் செறிவு ஏறத்தாழ 0.05 மோலார். (ஆ) 0.5 மி.லி. 1.0 மி.லி. ஆனதால் நீர்த்தல் இருமடங்கு; எனவே இருப்புக் கரைசலில் செறிவு ஏறத்தாழ 0.1 மோலார். விடையைச் சரிபார்க்க 0.05ஐ முதற்சமன்பாட்டில் இட்டால் மீண்டும் 75 விழுக்காடு கிடைக்கும்.

திருந்திய வடிவத்தில் புதிய கலைச்சொல் எதுவும் புனையப்படவில்லை. கூடியவை ‘இருப்புக் கரைசலிலிருந்து’, ‘மொத்தம் ஆக்கப்பட்டது’, ‘தொடக்க’, ‘பெரும வேகத்தில்’, ‘பங்காக’, ‘கலவையில்’ என்னும் அடைகளும் உருபேற்ற சொற்களுமே.

9. முடிவுரை

ஆங்கில நூல்களிலும் ‘தளப்பொருளின் செறிவு’ என்பதற்கு நிகரான தொடர் அடையின்றியே பெரும்பாலும் வருகிறது. அங்குக் குறியீடுகளும் கீழ்க்குறிகளும் அந்தக் குறையை ஈடுசெய்கின்றன. மொழிபெயர்ப்பாளர் தொடரை மட்டும் பெயர்த்துக் குறியீட்டின் பொருளைப் பெயர்க்காது விட்டால், மூலத்தில் இருந்த தெளிவு தமிழுக்கு வருவதில்லை. குறியீடு சுட்டும் இடம், காலம், நிலை ஆகியவற்றையும் தொடருக்குள் கொணர்வதே நிறைவான மொழிபெயர்ப்பு.

இவ்வாய்வால் பெறப்படும் நடைமுறைக் கருத்துகள் மூன்று. முதலாவது, கணக்கு நூலில் ‘செறிவு’ என்னும் சொல் இடம், காலம், நிலை ஆகியவற்றுள் தேவையானவற்றைக் குறிக்கும் அடையின்றி வரலாகாது. இரண்டாவது, பங்கு, மடங்கு ஆகிய அளவைச் சொற்கள் பயனைச் சுட்டும் ‘ஆக’ என்பதோடு வரவேண்டும். ஒப்பீட்டுக்குரிய முழு அளவும் உடன் சொல்லப்பட வேண்டும். மூன்றாவது, மொழிபெயர்த்த கணக்கை மூலத்தைப் பாராமல், தமிழ் வடிவத்தை மட்டும் கொண்டு ஒருவர் செய்து பார்க்க வேண்டும். மூலத்தின் விடையும் அவர் கண்ட விடையும் ஒன்றாயின் மொழிபெயர்ப்புச் செம்மையானது. வேறாயின் எத்தொடரில் பொருள் பிரிந்தது என்பதை எண்களே காட்டிக்கொடுக்கும். இலக்கிய மொழிபெயர்ப்பாளருக்குக் கிட்டாத இவ்வுரைகல் அறிவியல் மொழிபெயர்ப்பாளருக்குக் கிட்டியுள்ளது. கலைச்சொற்பட்டியல்களைத் தொகுப்போர் சொற்களோடு இத்தகைய மாதிரித் தொடர்களையும் சேர்த்துத் தொகுப்பாராயின் கற்போருக்கும் கற்பிப்போருக்கும் பெரிதும் பயன்படும்.